எல்லைக்கு இந்தப் பக்கத்து வாக்கு: கித்துல்கலத் தோட்டங்களும் ஜனாதிபதித் தேர்தலும்

அவிசாவளையில் பிரிந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ-7 வீதி கரவனெல்லை, எட்டியாந்தோட்டை வழியாக, களனி கங்கையை ஒட்டியபடி கித்துல்கலவை அடைகிறது. அங்கிருந்து சிறிது தூரம் ஏறினால் கினிகத்தேனை. இடையில் கேகாலை மாவட்டம் முடிந்து நுவரெலியா மாவட்டம் தொடங்கிவிடுகிறது; சப்ரகமுவ மாகாணம் முடிந்து மத்திய மாகாணம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு இதனால் ஒன்றும் மாறுவதில்லை. மழை அதே மழைதான். தேயிலைக்கு இடையே கீழ்ப்பக்கத்தில் ரப்பர் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கத்து லயங்களிலும் இருப்பவர்கள் தமிழகத்தின் அதே மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். சந்தா கட்டும் தொழிற்சங்கங்களும் ஒன்றுதான்.

தேர்தல் வரும்போது அந்த எல்லை கனக்கத் தொடங்குகிறது. நுவரெலியா மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 8 ஆசனங்கள். 2020 தேர்தலில் அவற்றில் 5 ஆசனங்களுக்கு மலையகத் தமிழர் தெரிவானார்கள். கேகாலைக்கு 9 ஆசனங்கள். ஆனால் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைத் தொகுதிகளின் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் தங்கள் வாக்குகளால் மட்டும் ஒருவரை அனுப்ப இங்கே வழியில்லை. இதற்கு அவர்களின் ஒற்றுமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது மேடைக்குப் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது. ஒன்பது ஆசனங்களில் ஒன்று, மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸாகப் போய்விடுகிறது. எஞ்சிய எட்டும் வாக்கு விகிதப்படி பங்கிடப்படுகின்றன. எனவே தனிப் பட்டியல் ஒன்றுக்கு ஓர் ஆசனம் உறுதியாகக் கிடைக்க ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும். கேகாலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் எல்லோரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. பெரிய கட்சியின் பட்டியலில் நின்றால் விருப்பு வாக்கு வேண்டும். மாவட்டம் முழுக்க அறிமுகமான சிங்கள வேட்பாளர்களோடு தோட்டத்து வேட்பாளர் விருப்பு வாக்கில் போட்டியிட்டு மேலே வருவது அரிது.

இந்த நிலையில் இருக்கும் ஒரு கித்துல்கல வாக்காளருக்கு ஒரேயொரு தேர்தல் மட்டும் வேறுவிதமாக அமைகிறது. ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. மாவட்டம், தொகுதி வாரியாக முடிவுகள் அறிவிக்கப்பட்டாலும் அவை தகவலுக்காக மட்டுமே. வெற்றியைத் தீர்மானிப்பது கூட்டுத்தொகை. ரப்பர்ப் பால் வெட்டும் ஒரு தொழிலாளியின் வாக்குக்கும், கொழும்பு கறுவாத்தோட்டத்து வாக்குக்கும், ஹம்பாந்தோட்டையில் விழும் வாக்குக்கும் அங்கே ஒரே பெறுமதி. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டுமா, வேண்டாமா என்று நாடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வருகிறது. அந்த விவாதத்தில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பார்த்த பார்வை அநேகமாக இடம்பெற்றதே இல்லை. அந்தப் பார்வை இல்லாமல் எழுதப்படும் எந்த அரசியல் யாப்பும் இந்த மக்களுக்கு இருக்கும் ஒரே சமமான வாக்கைப் பறித்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் போய்விடும் என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

இதை எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து பேசும்போது இடதுசாரித் தலைவர் கலாநிதி என்.எம்.பெரேராவைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. இடதுசாரிச் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்களோடு இப்பகுதிக்கு வந்து, மருந்தும் பருப்பும் கொடுத்து நின்றவர் அவர். ‘பருப்பு மாத்தையா’ என்று ஊர்ச் சனம் அவரை அழைத்தது அப்போதுதான். 1936 இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பின்னர் எட்டியாந்தோட்டையின் உறுப்பினராக 1977 தேர்தல் வரை இருந்தார். இடதுசாரிகளின் கோட்டை என்று இந்தப் பள்ளத்தாக்கு பெயர் பெற்றது அவரால்தான்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, அலுத்நுவர, பதுளை ஆகிய அந்த ஏழில் சப்ரகமுவவின் எந்தத் தொகுதியும் இல்லை. இங்கே தோட்டத் தமிழர்கள் தங்களவர் ஒருவரை வெல்ல வைக்கும் அளவுக்கு ஓரிடத்தில் திரண்டிருக்கவில்லை. ஆனால் வேறொருவரை வெல்ல வைக்கவோ தோற்கடிக்கவோ போதுமான அளவுக்கு இருந்தார்கள். இந்த வகையான வாக்குப் பலம் இடதுசாரிக் கட்சிகளுக்குச் சாய்ந்தது ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) கண்ணில் பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அடுத்தடுத்து வந்து, தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் அவற்றை எதிர்த்தார்கள். எதிர்ப்பு தோற்றது. 1952 தேர்தலில் தோட்டங்களின் பெரும்பான்மையான பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை.

அந்தச் சட்டங்களின் விளைவுகளில் ஒன்று போதிய அளவு பேசப்படுவதில்லை. வாக்குரிமை போனாலும் குடித்தொகைக் கணக்கிலிருந்து இந்த மக்கள் நீக்கப்படவில்லை. 1959 இல் தேர்தல் தொகுதிகள் மறுபடி பிரிக்கப்பட்டபோது, இத்தனை பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கில் நாடற்றவர்களும் தலைகளாக எண்ணப்பட்டார்கள். அவர்களின் எண்ணிக்கையால் மலைநாட்டு மாவட்டங்களுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களை நிரப்பும் உரிமையோ, சுற்றியிருந்த கிராமத்து வாக்காளரிடம் மட்டுமே இருந்தது. வாக்கில்லாத ஒரு சனத்தொகை பக்கத்து வீட்டாரின் வாக்கைக் கனமாக்கித் தந்தது. கண்டிப் பிரதேசச் சிங்கள அரசியல் அந்த ஆண்டுகளில் பெற்ற பலத்தில் தோட்டத் தமிழரின் மௌனமான பங்கு இருக்கிறது.

என்.எம். மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையாமலே இதையும் சொல்ல வேண்டும். 1964 ஜூனில் அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அவர் நிதியமைச்சரானார். அந்த ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் அமைச்சரவையில் இருந்தார். 9,75,000 மனிதர்களை, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்த ஒப்பந்தம் அது. அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1948 இல் எதிர்த்தவர்கள் 1964 இல் அரசாங்கத்தில் இருந்தார்கள். அதற்குள் அவர்களுடைய தொகுதிகளிலேயே இந்த மக்களிடம் வாக்கு இல்லாமல் போயிருந்தது. கொள்கையை மட்டுமே நம்பி ஒரு மக்கள் கூட்டம் இருக்க முடியாது, வாக்கு வேண்டும் என்பதை இந்தப் பதினாறு ஆண்டுகள் காட்டிவிட்டன.

1977 இல் சமசமாஜிகள் ஓர் ஆசனம்கூட இல்லாமல் தோற்றார்கள். எட்டியாந்தோட்டையில் என்.எம்.மும் தோற்றார். வென்று வந்த ஜே.ஆர்.ஜயவர்தன 1978 பெப்ரவரி 4 இல் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். புதிய அரசியல் யாப்பு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த யாப்பை வரிவரியாகத் திறனாய்ந்து நூலாக எழுதியவர் தோற்றுப்போன எட்டியாந்தோட்டை உறுப்பினர்தான். நாடாளுமன்ற முறை நாட்டில் முப்பது ஆண்டுகள் குறைகளோடு என்றாலும் நன்றாகவே இயங்கியது, சிறிய நாடொன்றில் ஒரு மனிதர் கையில் இத்தனை அதிகாரத்தைக் குவிப்பது ஆபத்து என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1979 ஓகஸ்டில் காலமானார். பின்னர் நடந்தவை அவர் எச்சரித்தது சரி என்றே காட்டின. ஆனாலும், ‘நன்றாக இயங்கிய’ அந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியும் அவருடைய சொந்தத் தொகுதியின் லயங்களில் வாழ்ந்தவர்கள் வாக்கே இல்லாமல் இருந்தவர்கள். நாடாளுமன்ற முறையின் பொற்காலம் என்று கொழும்பில் நினைவுகூரப்படுவது இங்கே நாடற்றோர் காலம். ஜனாதிபதி முறைக்கு எதிரான வாதத்தை முழு மனதோடு ஏற்பவருக்கும் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கத் தோன்றும்.

குடியுரிமை திரும்பி வந்த வரலாற்றையும் ஜனாதிபதித் தேர்தல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தொடர்பு தெரிகிறது. முதலாவது தேர்தல் 1982 ஒக்டோபர் 20 இல் நடந்தது. ஜே.ஆர். 52.91 வீதம் பெற்றார். வெல்வதற்கு அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற நிபந்தனை அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும் நாட்டில் ஐம்பது வீதத்தைக் கடக்கச் சிறுபான்மை வாக்கு தேவை. 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அழைத்த பிரார்த்தனைப் போராட்டத்தின் பின், நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988 இன் 39 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் நவம்பரில் நிறைவேறியது. அடுத்த மாதம், டிசம்பர் 19 இல், ஜனாதிபதித் தேர்தல். இ.தொ.கா. ரணசிங்க பிரேமதாசவை ஆதரித்தது. ஜே.வி.பி.யின் அச்சுறுத்தலுக்கு நடுவே 55 வீதமானோர் மட்டும் வாக்களித்த அந்தத் தேர்தலில் அவர் பெற்றது 50.43 வீதம். பாதிக் கோட்டை அவர் தாண்டியது 22,000க்கும் குறைவான வாக்குகளால். அச்சட்டத்தால் குடியுரிமை பெற்றவர்கள் எல்லோரும் அந்தத் தேர்தலிலேயே வாக்களித்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த வாக்கு எவ்வளவு பெறுமதியாகிவிட்டது என்பதை அந்தச் சட்டத்தின் திகதியே சொல்கிறது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1948 இல் பறிக்கப்பட்டதை முழுமையாகத் திருப்பித் தர 55 ஆண்டுகள் ஆயின.

வாக்கு கிடைத்தபின் அதை மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில் தலைமைகளுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. 2015 ஜனவரி 8 தேர்தலில் இ.தொ.கா. மகிந்த ராஜபக்சவுக்கு ஆதரவு கேட்டது. நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்குப் பெரும்பான்மை கொடுத்தது. கேகாலை மாவட்டத்தில் மகிந்தவே முந்தினார். ஆனால் சிறிசேனவுக்கும் இரண்டரை இலட்சம் வாக்குகள் அளவில் அங்கே விழுந்தன. அமெரிக்காவில் இருப்பதுபோல், ஒரு மாவட்டத்தில் முந்தியவருக்கே அந்த மாவட்டத்தின் முழுப் பலமும் என்று இங்கே விதி இருந்திருந்தால் அந்த வாக்குகள் கேகாலைக் கச்சேரியோடு முடிந்திருக்கும். 2000 இலும் 2016 இலும் நாடளாவிய வாக்கில் முந்தியவரே அமெரிக்காவில் தோற்றது அப்படியான விதியால்தான். இலங்கையில் கேகாலையின் அந்த வாக்குகள் ஒன்றுவிடாமல் நாட்டின் கூட்டுத்தொகையில் சேர்ந்தன. இறுதியில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 4,49,072. தோற்ற மாவட்டமொன்றில் வீழ்ந்த கித்துல்கல வாக்கு, வென்ற மாவட்டமொன்றில் வீழ்ந்த வாக்கைவிட எந்த விதத்திலும் குறைந்ததாக இருக்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் இந்த நிலை அவர்களுக்கு ஒருநாளும் வாய்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சமத்துவம் வாக்குச் சாவடிக்கு உள்ளேதான் தொடங்குகிறது. வாசல் வரை போய்ச் சேர்வது இன்னொரு கதை. இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், தேசிய அடையாள அட்டையோ தேர்தல் ஆணைக்குழு தரும் தற்காலிக அட்டையோ இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (வரவுப் பதிவில்) வேறொரு பெயர் என்று இருக்கும் குடும்பங்களில் அட்டை எடுப்பது மாதக்கணக்கில் இழுபடுகிறது. சப்ரகமுவவில் கிராம உத்தியோகத்தர் பெரும்பாலும் சிங்களவர். படிவத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையைத் தோட்டக் கமிட்டித் தலைவரோ, படித்த பிள்ளையோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, வாக்காளர்கள் ஊரில் இல்லாதது. கித்துல்கலவின் இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஆற்றில் படகுச் சவாரி நடத்தும் இடங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரோடு இருப்பவர்கள். பெருந்தொகையானோர் கொழும்பில் கடை, ஹோட்டல், கட்டட வேலை, வீட்டுவேலை என்று போயிருக்கிறார்கள். பெயர் மட்டும் தோட்டத்து விலாசத்தில் இருக்கும். தபால் வாக்கு தேர்தல் கடமையில் இருப்போர், படையினர், குறிப்பிட்ட அரசாங்க ஊழியர்களுக்கானது. கடைச் சிப்பந்திக்குக் கிடையாது. வாக்களிக்கச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 40 கிலோமீற்றருக்கு உட்பட்டால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 150க்கு மேல் இரண்டு நாள் என்று தேர்தல் ஆணைக்குழு ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. கொழும்பிலிருந்து கித்துல்கலவுக்கு வந்து திரும்புபவருக்கு ஒரு நாள் சேர வேண்டும். நாட்கூலிக்கு நிற்பவர் அதைக் கேட்டு வாங்குவது கடினம். போய்வரும் பஸ் செலவும் அவருடையது. வேலை செய்யும் இடத்திலேயே வாக்களிக்க வழி செய்யும் முற்கூட்டிய வாக்களிப்பைப் பற்றி ஆணைக்குழுவும் கண்காணிப்பு அமைப்புகளும் நீண்ட காலமாகப் பேசி வருகின்றன. அதனால் அதிக நன்மை அடையப்போவோரில் தோட்டங்களிலிருந்து வெளியே போன இந்தப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இனி, வாக்குச் சீட்டுக்கு வருவோம். இங்கே எனக்கு உண்மையில் ஆதங்கம் இருக்கிறது. மூவருக்கு மேல் போட்டியிடும் ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். தனியே ஒரு புள்ளடி போட்டாலும் செல்லும். அது முதலாம் தெரிவாகக் கொள்ளப்படும். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் உள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எஞ்சிய இருவருக்கும் சேர்க்கப்படும். 1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவையே எழவில்லை. 2024 செப்டம்பர் 21 இல் முதல்முறையாக எழுந்தது. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளோடு 42.31 வீதம், சஜித் பிரேமதாச 43,63,035, ரணில் விக்கிரமசிங்க 22,99,767.

ரணிலுக்கும் ஏனையோருக்கும் விழுந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் மறுபடி பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 1,05,264. சஜித்துக்கு 1,67,867. கூட்டினால் 2,73,131. அதாவது பன்னிரண்டு சீட்டில் ஒன்றுதான் இறுதிப் போட்டியில் பேசியது. மற்ற பதினொன்றும் முதல் சுற்றோடு நின்றுவிட்டன. அந்த இருவரையும் வேண்டாம் என்று நினைத்துச் சிலர் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு இரண்டாவது விருப்பம் என்று ஒன்று இருப்பதே பழக்கத்தில் இல்லை. நாற்பது ஆண்டுகளாக, ‘இந்தச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி’ என்றுதான் தோட்டக் கூட்டங்களில் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கோடு இதைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு.

அந்தத் தேர்தலில் இ.தொ.கா. ரணிலையும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. மலையகத்தைச் சேர்ந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜா தானே வேட்பாளராக நின்றார். அவருக்கு விழுந்த வாக்கைப் பலர் வீண் என்றார்கள். சட்டப்படி அது வீணல்ல. முதலாம் விருப்பத்தைத் தன் சமூகத்தின் கோரிக்கையை முன்வைத்தவருக்குக் கொடுத்து, இரண்டாவதை வெல்லக்கூடியவருக்குக் கொடுத்தால் சொல்ல வேண்டியதையும் சொல்லியாயிற்று, அரசாங்கத்தைத் தீர்மானிப்பதிலும் பங்கெடுத்தாயிற்று. சிதறி வாழும் சப்ரகமுவத் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எந்தத் தேர்தல் சட்டத்திலும் இல்லை. நுவரெலியாக்காரருக்கு நாடாளுமன்றத்தில் வேறு வழி உண்டு, இங்கே இல்லை. இரண்டாம் விருப்பத்தை வைத்து எழுத்தில் வாக்குறுதி கேட்டுப் பேரம் பேசியிருக்க வேண்டிய தலைமைகள் மேடையில் யார் பக்கத்தில் நிற்பது என்பதிலேயே காலத்தைக் கழித்தன. மும்முனைப் போட்டி இனியும் வரும்.

வென்றவர் தோட்டத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபா 2019 இல் கோட்டாபய ராஜபக்சவின் வாக்குறுதிகளில் ஒன்று. சம்பள நிர்ணய சபை வழியாக அது நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச்சில். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் ரணில் 1,700 ரூபாவை அறிவித்தார். முந்திய நாளே வர்த்தமானியும் வந்திருந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானமானது. 2025 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையில் அநுர குமார 1,550 ரூபாவையும், வரவுக்கான ஊக்கத் தொகையாக அரசாங்கமே தரும் 200 ரூபாவையும் சேர்த்து 1,750 என்றார். ஜனாதிபதி அறிவிக்கிறார், ஆனால் சம்பள நிர்ணய சபை, தொழில் அமைச்சர், நீதிமன்றம், 1992 முதல் தோட்டங்களைக் குத்தகைக்கு நடத்தும் கம்பனிகள் என்று பல கைகள் அதில் இருக்கின்றன. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் கணக்கு வர்த்தமானியில் எழுதப்படுவதில்லை. ரப்பர் தோட்டத்தில் மழை நாளில் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. கித்துல்கல நாட்டின் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்துக்கும் மாதக் கடைசியில் கைக்கு வருவதற்கும் இடையிலான தூரம் இங்கே ஹட்டனைவிடவும் கூடுதல்.

காணி வேறு வகை. அரச காணியை அரசின் பொது இலச்சினையின் கீழ் வழங்கும் அதிகாரத்தை யாப்பு ஜனாதிபதியிடமே வைத்திருக்கிறது. கிராமத்துக் குடியேற்றத் திட்டங்களின் உறுதிகளில் ஜனாதிபதிகளின் கையொப்பம் இருப்பது அதனால்தான். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சு இதைவிடக் கீழான ஓர் அலுவலகத்தில் முடியும் விஷயமல்ல. பிரதேச சபைகள்கூட நெடுங்காலம் தோட்டத்துக்குள் தங்கள் பணத்தைச் செலவிடத் தடையாக 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு இருந்தது. 2018 இன் 30 ஆம் இலக்கத் திருத்தம்தான் அதை மாற்றியது. எட்டியாந்தோட்டைப் பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்டத்து மக்கள் அதுவரை, தங்கள் லயத்துக்கு ஒரு பாதையைக்கூடச் சட்டப்படி கேட்க முடியாத வாக்காளர்களாக இருந்தார்கள்.

மாகாண சபைதான் இந்தக் கதையில் மிகவும் வருந்த வேண்டிய பகுதி. 2012 செப்டம்பரில் நடந்த சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் 44 ஆசனங்களில் 28 ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு, 14 ஐ.தே.க.வுக்கு, 2 இ.தொ.கா.வுக்கு. கேகாலையில் ஒன்று, இரத்தினபுரியில் ஒன்று. நாடாளுமன்றத்தில் முடியாதது இங்கே எப்படி முடிந்தது? கேகாலைக்கு மாகாண சபையில் 18 உறுப்பினர். பதினெட்டில் ஒரு பங்கு வாக்குத் திரண்டால் போதும். எட்டில் ஒன்றை எட்ட முடியாத சமூகத்துக்கு அது எட்டும் தூரம். அந்தச் சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அந்த ஆண்டு கொண்டுவரப்பட்ட தேர்தல் திருத்தச் சட்டம் பாதி உறுப்பினர்களைத் தொகுதி முறையில் தெரிவு செய்ய வேண்டும் என்றது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்கும் விழாமல் தோற்றது. அதன்பின் தேர்தலே இல்லை. சப்ரகமுவத் தமிழர் தங்கள் சொந்த வாக்கால் இருவரை அனுப்பிய ஒரே சபை கூடாமல் கிடக்க, மாகாணத்தை நடத்துவது ஆளுநர். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவாகி, பெருந்தோட்டத்துறையின் பிரதி அமைச்சரானார். சிங்கள வாக்காளர் பெருமளவில் ஒரு மலையகத் தமிழருக்கு விருப்பு வாக்கு அளித்தார்கள் என்பது சப்ரகமுவவில் சிறிய செய்தியல்ல. 1977 இலும் 1983 இலும் இதே மாவட்டங்களின் லயங்கள் எரிந்ததை நினைப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். அதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அது ஓர் அலையின் உச்சத்தில், ஒரு கட்சியின் பட்டியலில் கிடைத்த இடம். அடுத்த தேர்தலில் அந்தப் பட்டியலை எழுதும் கை வேறு மாதிரி நினைத்தால் கேட்க வழியில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994 இல் சந்திரிகா குமாரதுங்க சொன்னார். பின்னர் மகிந்த சொன்னார், சிறிசேன சொன்னார். இன்றைய அரசாங்கமும் புதிய யாப்பில் அதைச் செய்வதாகச் சொல்லி வந்திருக்கிறது. 17, 19, 21 ஆம் திருத்தங்கள் அதிகாரத்தைக் குறைத்தன. 18, 20 ஆம் திருத்தங்கள் கூட்டின. ஒழிப்பதற்கான காரணங்களை நான் மறுக்கவில்லை. 2022 ஜூலையில் மக்கள் தெருவுக்கு வந்து ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்ய வேண்டியிருந்தது. யாப்பில் இருந்த குற்றப்பிரேரணை வழி எளிதில் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. அவருடைய எஞ்சிய காலத்துக்கு ஜூலை 20 இல் நாடாளுமன்றமே 134 வாக்குகளால் ரணிலைத் தெரிவு செய்தது. இந்த ஆட்சிமுறையில் மக்களின் வாக்கு இல்லாமல் நாடாளுமன்றம் ஒரு ஜனாதிபதியைத் தெரிவு செய்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. முதலாவது, 1993 இல் பிரேமதாச கொல்லப்பட்டபின் டி.பி.விஜேதுங்க வந்தது. எல்லா ஜனாதிபதிகளும் இனி அப்படித்தான் வருவார்கள் என்றால், தங்கள் மாவட்டத்திலிருந்து தங்களவர் எவரும் இல்லாத நாடாளுமன்றத்தில் எடுக்கப்படும் அந்தத் தீர்மானத்தில் கித்துல்கலத் தோட்டத்துப் பெண்ணின் பங்கு என்ன?

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மாகாண சபைத் தேர்தல், அதுவும் பழைய விகிதாசார முறைப்படி. 2017 திருத்தத்தை நீக்கும் ஒரு சிறிய சட்டம் போதும். எல்லை நிர்ணயம் எதுவும் தேவைப்படாது. அடுத்து, புதிய தேர்தல் முறை வரையப்படும்போது கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறைத் தோட்டங்களில் சிதறி வாழும் மலையகத் தமிழரை ஒரே கணக்கில் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள் இன்று கட்சித் தலைவர்களின் விருப்பப்படி நிரப்பப்படுகின்றன. மாவட்ட எல்லைகளில் உடைந்துபோகும் சிறுபான்மை வாக்குகளை நாடளாவிய அளவில் கூட்டி, அதற்குரிய ஆசனத்தை அந்தப் பட்டியலிலிருந்து கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தலாம். ஜனாதிபதித் தேர்தல் தந்த ஒரே நாடு, ஒரே கூட்டுத்தொகை என்ற கணக்கு முறை அப்போது நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடும். ஜனாதிபதி ஆட்சியை ஒழிக்கும் சர்வசன வாக்கெடுப்பு அதற்குப் பிறகு நடந்தால், எட்டியாந்தோட்டைத் தொகுதியின் தோட்டங்களில் ‘ஆம்’ என்று புள்ளடி போடச் சொல்லிக் கூட்டம் வைக்க முதல் ஆளாக நான் போவேன்.